உறையைக் குறைக்கலாம், செம்பைக் குறைக்க வேண்டாம்: சின்னக் கணினிப் பெட்டிக்குள் பவர் கேபிள்

பத்து லிட்டர் கொள்ளளவுள்ள கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினால் முதலில் கண்ணில் படுவது கேபிள்தான். சின்னப் பெட்டிக்கான மினி ஐடிஎக்ஸ் வகை மதர்போர்டு 17 செ.மீ. சதுரம். சின்ன வகைப் பவர் சப்ளையான எஸ்எஃப்எக்ஸ் 125 × 100 × 63.5 மி.மீ. இந்த அளவுகளை யாரும் மாற்ற முடியாது. தகடு மூட மறுக்கிறது, விசிறிக்கு எதிரே ஒரு கற்றை முட்டிக்கொண்டு நிற்கிறது என்றால், நாம் கைவைக்கக்கூடிய ஒரே இடம் கேபிள்.

செட்டிநாட்டு வீடுகளில் இந்தச் சின்னப் பெட்டிக்குத் தனி மவுசு உண்டு. தேக்குத் தூணும் ஆத்தங்குடித் தரையுமாக இருக்கும் பட்டாலையில் கறுப்பு டவர் ஒன்றை நிறுத்த யாருக்கும் மனசு வராது. மாடக்குழியிலோ அலமாரித் தட்டிலோ அடங்குகிற பெட்டி வேண்டும் என்பார்கள். மாடக்குழி என்றால் மூன்று பக்கமும் சுவர். காற்று வந்த வழியாகவேதான் திரும்பிப் போக வேண்டும். சித்திரை, வைகாசியில் காரைக்குடிப் பக்கம் வெளியே 38, 40 டிகிரி அடிக்கும்போது, சுண்ணாம்புச் சுவர் எவ்வளவு குளுமை கொடுத்தாலும் வேலை செய்கிற பெட்டிக்குள் காற்று 50 டிகிரியை எட்டுவது சாதாரணம். அங்கே விசிறியின் வாயை அடைக்கிற கேபிள் வெறும் அழகுப் பிரச்சினையாக நிற்காது.

கேபிளை மெலிதாக்குவது என்றதும் பலரும் ஒல்லியான கம்பியைத் தேடிப் போகிறார்கள். என் கணக்கில் அது கடைசி வேலை. முதலில் நீளம், அடுத்து எண்ணிக்கை, அதன் பிறகு உறை. இந்த மூன்றும் முடிந்தபின் செம்பைத் தொட வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது.

நீளத்திலிருந்து ஆரம்பிப்போம். பெரிய ஏடிஎக்ஸ் சப்ளையோடு வரும், போர்டுக்குப் பவர் தரும் 24 பின் கேபிள் 60 செ.மீ. இருக்கும், எஸ்எஃப்எக்ஸ் சப்ளையில் 30 செ.மீ. பல சின்னப் பெட்டிகளில் சப்ளையிலிருந்து போர்டுக்கு உண்மையான பாதை 18 முதல் 25 செ.மீ.தான். மிச்சத்தை மடித்து எங்கேயாவது செருகுவதுதான் இடியாப்பச் சிக்கலின் ஆரம்பம். பாதையை ஒரு நூலால் அளந்துகொள்ளுங்கள்: சப்ளைச் சாக்கெட்டில் தொடங்கி, கேபிள் வளையப்போகும் எல்லா மூலையையும் சுற்றி, போர்டின் சாக்கெட் வரை. தகட்டை மூடிய நிலையில் கேபிள் எங்கே படுத்திருக்குமோ அந்த வழியாகவே நூலும் போக வேண்டும். இரண்டு முனையிலும் சேர்த்து 15 மி.மீ. கூட்டினால் போதும்.

இங்கே ஒரு நுணுக்கம். இரண்டு அடுக்காகப் போகிற கேபிளை வளைத்தால் வெளி அடுக்குக்கு நீளம் அதிகம் தேவை. அடுக்குகளுக்கு நடுவே 4.2 மி.மீ. இடைவெளி என்றால், ஒவ்வொரு செங்குத்து வளைவுக்கும் வித்தியாசம் சுமார் 6.6 மி.மீ. முழுதாகத் திரும்பி வந்தால் 13 மி.மீ. எல்லாக் கம்பியையும் ஒரே நீளத்தில் வெட்டினால் வெளிவரிசை இழுபடும், உள்வரிசை புடைக்கும். இழுபடுகிற கம்பி, தன் முனையில் நெரித்திருக்கும் உலோக டெர்மினலைக் கனெக்டருக்குள் சாய்க்கும். சாய்ந்த டெர்மினல் பின்னை ஒரு ஓரத்தில் மட்டும் தொடும். சூடு அங்கேதான் பிறக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

எண்ணிக்கையைக் குறைப்பதற்கு ஒவ்வொரு கனெக்டருக்கும் நியாயம் வேறு. டிஸ்க்குக்குப் போகும் சாட்டா கேபிளை முழுதாக ஒழிக்கலாம்: போர்டிலேயே செருகும் எம்.2 எஸ்எஸ்டி போட்டால் பவர் கேபிளும் இல்லை, டேட்டா கேபிளும் இல்லை. கேபிள்கள் தனியே கழலும் மாட்யுலர் சப்ளை என்றால் கழற்றிவிட்டால் முடிந்தது. மாட்யுலர் இல்லாத சப்ளையில் வேண்டாத வயர்களை வெளியிலேயே வெட்டி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் ஏற்ற இறக்கமான நீளத்தில் விட்டு, தனித்தனியாக ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போட்டு மூடுங்கள். உள்ளே போய் சால்டரை எடுத்துவிடலாம் என்று சப்ளைப் பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளேயிருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் கிட்டத்தட்ட 400 வோல்ட் டிசி இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கலாம்.

பிராசசருக்குப் போகும் 8 பின் கனெக்டரில் நான்கு 12 வோல்ட், நான்கு கிரவுண்ட். 65 வாட் என்று எழுதியிருக்கும் ரைசன் பிராசசர் உண்மையில் 88 வாட் வரை இழுக்கும். போர்டின் ரெகுலேட்டர் நஷ்டத்தையும் சேர்த்து 100 வாட் என்றே வைத்துக்கொண்டாலும் 8.3 ஆம்பியர். 4+4 ஆகப் பிரியும் கனெக்டரில் ஒரு பாதியை மட்டும் போட்டால் ஒரு கம்பிக்கு 4.2 ஆம்பியர், 18 கேஜ் கம்பிக்கு (கேஜ் எண் கூடக் கூடக் கம்பி ஒல்லி) இது சுமையே கிடையாது. பெரும்பாலான போர்டுகள் நான்கு பின்னோடு இயங்கும். நான்கு கம்பி மிச்சம். அதற்கு மேல் சக்தி இழுக்கிற பிராசசர் என்றால் எட்டையும் வையுங்கள்.

24 பின் கனெக்டரில் கையை அவ்வளவு தாராளமாக நீட்ட முடியாது. 20ஆம் பின் இப்போது காலி. 14ஆம் பின்னில் வரும் நீலக் கம்பி, அதாவது மைனஸ் 12 வோல்ட், சீரியல் போர்ட் இல்லாத புதிய போர்டுகளில் பெரும்பாலும் வேலையற்றுக் கிடக்கிறது. எடுத்துவிட்டுச் சோதித்துப் பார்க்கலாம். மற்றவை இருக்கட்டும். 10, 11ஆம் பின்களில் வரும் இரண்டு மஞ்சள் கம்பிகளைக் குறைத்து மதிப்பிடுபவர்கள் அதிகம். கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டிலிருந்து 12 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் வரை இழுக்கலாம், அது முழுக்க இந்த இரண்டு கம்பி வழியாகத்தான் வருகிறது. விசிறிகளும் இதிலேயே. தனி பவர் கேபிள் தேவைப்படாத சின்னக் கார்டு போட்டிருப்பவர்கள், "நம்ம கார்டுக்குப் பவரே வேண்டாம்" என்று நினைத்து இந்த இரண்டையும் ஒல்லியாக்குவது நேர்மாறான வேலை. அவர்களுக்குத்தான் இவை தடிமனாக இருக்க வேண்டும்.

13ஆம் பின்னைப் பாருங்கள். ஆரஞ்சுக் கம்பியோடு ஒல்லியாக இன்னொரு கம்பியும் அதே டெர்மினலில் சேர்ந்து நெரிபட்டிருக்கும். அது சென்ஸ் கம்பி. போர்டுக்கு வந்து சேரும் 3.3 வோல்ட் உண்மையில் எவ்வளவு என்று சப்ளைக்குத் திருப்பிச் சொல்வது அதன் வேலை. அதில் மின்னோட்டம் கிட்டத்தட்ட இல்லை என்பதால் 24 கேஜ் போதும். ஆனால் விட்டுவிடக் கூடாது. விட்டால் சில சப்ளைகள் கிளம்பவே மறுக்கும், சில கிளம்பும், ஆனால் போர்டில் வோல்டேஜ் அளவு தவறி நிற்கும். சில சப்ளைகளில் 5, 12 வோல்ட்டுக்கும் சென்ஸ் உண்டு. பல மாட்யுலர் சப்ளைகளில் சப்ளைப் பக்கம் 18+10 என்று 28 துளை இருப்பதும் போர்டுப் பக்கம் 24 மட்டுமே இருப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

இப்போது உறை. தடிமன் உண்மையில் ஒளிந்திருப்பது இங்கே.

18 கேஜ் கம்பியில் செம்பின் குறுக்குப் பரப்பு 0.82 சதுர மி.மீ. அதே செம்பை யூஎல் (அமெரிக்கப் பாதுகாப்புத் தரம்) 1015 வகைக் கம்பியாக வாங்கினால் வெளி விட்டம் சுமார் 2.8 மி.மீ.; 600 வோல்ட்டுக்கான 0.8 மி.மீ. உறை. யூஎல் 1007 வகையாக வாங்கினால் 2.1 மி.மீ.; 300 வோல்ட்டுக்கான 0.4 மி.மீ. உறை. நம் பெட்டிக்குள் ஓடுவது 12 வோல்ட். 600 வோல்ட் உறைக்கு அங்கே என்ன வேலை? 23 கம்பியை உருண்டைக் கட்டாகக் கட்டினால் முதல் வகை ஏறக்குறைய 15 மி.மீ. விட்டம் வரும், இரண்டாவது 11.6. செம்பில் ஒரு இழைகூடக் குறையவில்லை. உறையைத் தொடாமல் 18இலிருந்து 20 கேஜுக்குப் போனால் கிடைப்பது என்ன? யூஎல் 1007இல் 2.1 மி.மீ. 1.8 ஆகும், கட்டு 10 மி.மீ.க்கு வரும். மின்தடையோ மீட்டருக்கு 21 மில்லி ஓமிலிருந்து 33க்கு ஏறிவிடும். உறையை மாற்றியதில் கிடைத்த லாபத்தின் பாதிகூட இதில் இல்லை.

யூஎல் 1007 உறை 80 டிகிரி வரை தாங்கும். கிராபிக்ஸ் கார்டின் பின்தகட்டில் உரசிக்கொண்டு போகிற கேபிளுக்கு, நம் ஊர் வெயிலில், அது கொஞ்சம் ஒட்டிப் பிடித்த அளவு. அதே தடிமனில் 105 டிகிரி தாங்கும் யூஎல் 1569 கிடைத்தால் அதை எடுங்கள். சிலிக்கான் கம்பியைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். நூல்போல வளையும், 200 டிகிரி தாங்கும், எல்லாம் சரி. ஆனால் 18 கேஜில் 2.3 மி.மீ. வந்துவிடும், உறை மென்மை. தகட்டின் வெட்டு ஓரம் பட்டால் பிளேடு வைத்ததுபோல் கிழியும். டெர்மினலில் உறையைப் பிடிக்கும் இறக்கைகளே சில நேரம் அதைக் கடித்துவிடும். டெஃப்லான் கம்பி இன்னும் மெலிது, வெப்பத்துக்கு அஞ்சாது. குறை என்னவென்றால் வளைத்த வளைவை மறக்காது, உறை வழுக்கும், கத்தியால் உரித்தால் இழை வெட்டுப்படும். சால்டரிங் முனையாலோ லைட்டராலோ அதன் உறையைச் சுட்டு உரிக்கவே கூடாது, புகை நச்சு. அளவுப் பள்ளம் உள்ள ஸ்ட்ரிப்பர் கட்டாயம்.

கம்பி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பின்னல் உறை போடுவது கண்ணாடிப் பெட்டிக்காரர்கள் செய்வது. மூடிய தகட்டுக்குள் அது வெறும் பருமன். ஸ்லீவைக் கழற்றுங்கள், சில கேபிள்களில் முனைக்குப் பக்கத்தில் தடித்த வீக்கம்போல் இருக்கும், அது உள்ளே சால்டர் செய்த கெப்பாசிட்டர். அது இல்லாத கேபிள் செய்துகொள்வதே தீர்வு. கட்டுவதற்குப் பிளாஸ்டிக் டை வேண்டாம், அதன் தலையே 4, 5 மி.மீ. புடைக்கும். செருப்புத் தைப்பவர்கள் வைத்திருக்கும் மெழுகு நூலால் இரண்டு அங்குலத்துக்கு ஒரு முடிச்சு போட்டால் கட்டு தட்டையாகப் படுக்கும். உருண்டையாக 11.6 மி.மீ. வந்த அதே கம்பிகள், வரிசைக்குப் பன்னிரண்டாகத் தட்டையாகப் போனால் 25 மி.மீ. அகலம், 4.2 மி.மீ. கனம். சப்ளைக்கும் தகட்டுக்கும் நடுவேயிருக்கும் சந்தில் அது நுழைந்துவிடும்.

கடைசியில் செம்பு. எல்லாக் கம்பிக்கும் ஒரே கேஜ் என்பது தொழிற்சாலையின் வசதி. பச்சை, சாம்பல் கம்பிகள், அதாவது 16ஆம் பின்னும் 8ஆம் பின்னும், சமிக்ஞை மட்டுமே. 24 கேஜ் தாராளம். கணினி அணைந்திருக்கும்போதும் உயிரோடிருக்கும் ஊதா ஸ்டாண்ட்பை கம்பிக்கு 20. எம்.2க்கும் யூஎஸ்பிக்கும் போகும் ஆரஞ்சு நான்கு, சிவப்பு ஐந்து, கிரவுண்ட் எட்டு: 25 செ.மீ. நீளத்துக்குள் என்றால் இவற்றையும் 20இல் போடலாம். மொத்தம் 19 ஆம்பியர் திரும்பி வருகிறது என்று வைத்தாலும் ஒரு கிரவுண்டுக்கு 2.4 ஆம்பியர், இழப்பு 20 மில்லி வோல்ட். 3.3 வோல்ட்டுக்கு அனுமதி 165 மில்லி வோல்ட். மஞ்சள் மட்டும் 18.

கிராபிக்ஸ் கார்டின் 8 பின் கனெக்டருக்கு 150 வாட், மூன்று 12 வோல்ட் கம்பி, ஒவ்வொன்றிலும் 4.2 ஆம்பியர். நல்ல இடைவெளி உள்ள வடிவமைப்பு. ஒரே கேபிளில் இரண்டு தலை தொங்கவிட்டு 300 வாட் இழுத்தால் சப்ளைப் பக்கத்தில் ஒரு பின்னுக்கு 8.3 ஆம்பியர் ஆகிவிடும். இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று அதைச் செய்யாதீர்கள். புதிய 12 பின் கனெக்டரில் 600 வாட் கார்டு போட்டால் அதன் ஆறு 12 வோல்ட் பின்னும் ஆளுக்கு 8.3 ஆம்பியர் சுமக்கும், பின்னின் தாங்கும் அளவோ 9 சொச்சம்தான். அதில் 16 கேஜைக் குறைக்கவோ, கனெக்டரை ஒட்டியே வளைக்கவோ இடமில்லை. வாயிலிருந்து 35 மி.மீ. நேராக விட்டு அதற்குப்பின் வளையுங்கள். பெட்டிக்குள் அந்த 35 மி.மீ. இல்லையென்றால் வேறு கார்டு, இல்லை வேறு பெட்டி.

கம்பியைவிட முனைதான் முக்கியம் என்று சொல்வதற்கு ஒரு கணக்கு. 30 செ.மீ. 18 கேஜ் கம்பியின் மின்தடை 6.3 மில்லி ஓம். மினி-ஃபிட் வகை டெர்மினல் ஒன்றுக்கு அனுமதிக்கப்பட்ட தொடுதடை, அதாவது தொடும் இடத்து மின்தடை, 10 மில்லி ஓம் வரை. அதாவது இரண்டு முனையும் சேர்ந்தால் கம்பியைவிடப் பெரிய தடை. கிரிம்ப், அதாவது டெர்மினலைக் கம்பியோடு நெரித்த பிடி, சொதப்பினால் எந்தக் கம்பி போட்டும் பயனில்லை.

வீட்டு வயரிங்குக்கு லக் நெரிக்கும் கட்டிங் பிளேயர் இதற்கு ஆகாது. 4.2 மி.மீ. பிட்ச் (பின் இடைவெளி) கொண்ட திறந்த டெர்மினலுக்கான ரேட்செட் கிரிம்பர் வேண்டும். உறையை 3 முதல் 3.5 மி.மீ. உரியுங்கள். டெர்மினலில் இரண்டு ஜோடி இறக்கை இருக்கும். முன் ஜோடி செம்பைப் பிடிக்க, உயரமான பின் ஜோடி உறையைப் பிடிக்க. நெரித்த பிறகு பூதக்கண்ணாடியில் பாருங்கள்: முன் இறக்கைக்கு அப்பால் இழைகளின் நுனி அரை மி.மீ. எட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு ஜோடிக்கும் நடுவேயுள்ள ஜன்னலில் பாதி உறை, பாதி செம்பு தெரிய வேண்டும். இறக்கைகள் இரண்டும் நடுவில் சந்தித்து உள்ளே சுருண்டிருக்க வேண்டும். ஜன்னலில் உறை மட்டும் தெரிந்தால், செம்பைப் பிடிக்க வேண்டிய இறக்கை பிளாஸ்டிக்கைப் பிடித்திருக்கிறது. இழுத்தால் கெட்டியாக இருக்கும், தொடுதடை எகிறும். இதுதான் அதிகம் ஏமாற்றும் பிழை. பக்கத்தில் நீட்டியிருக்கும் பூட்டு நாக்குகள் நசுங்கினால் ஹவுசிங்கில் (கனெக்டரின் பிளாஸ்டிக் கூட்டில்) செருகும்போது 'டிக்' என்ற சத்தம் வராது. சாக்கெட்டில் செருகும்போது அந்த டெர்மினல் பின்னால் தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

ஒவ்வொரு அளவிலும் முதல் நாலைந்து கிரிம்ப்பைச் சோதனைக்கென்றே செய்து, கையில் தூக்கிப் பிடிக்கும் டிஜிட்டல் தராசில் மாட்டி இழுங்கள். 18 கேஜ் 9 கிலோ, 20 கேஜ் 6 கிலோ தாங்க வேண்டும். பலமாக இருக்கட்டும் என்று கிரிம்ப்புக்கு மேல் சால்டர் ஊற்றுவதை விட்டுவிடுங்கள். ஈயம் இழைகளுக்குள் ஏறி நிற்கும் இடத்தில் கம்பி விறைத்து, வளையும்போது அங்கேயே ஒடியும், ஹவுசிங்குக்குள்ளும் நுழையாது.

பொருள் விஷயம். காரைக்குடி, தேவகோட்டை எலக்ட்ரிக்கல் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைப்பது 1100 வோல்ட் வீட்டு வயர். உறைத் தடிமனால் அது நமக்கு ஆகாது. கார் ஆடியோக் கடை வயர் மெலிதாகவும் மலிவாகவும் இருக்கும், ஆனால் செம்பு பூசிய அலுமினியமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். மேலே வெள்ளையாக இருந்து உள்ளே சிவப்பு தெரிந்தால் அது ஈயம் பூசிய நல்ல செம்பு. மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் அலுமினியம். சந்தேகமென்றால் 10 மீட்டரை 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்போடு தொடராகப் போட்டு, கம்பியின் இரு முனைக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். 18 கேஜ் சுத்தச் செம்பில் 0.37 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டும்; அலுமினியக் கலப்பு அதைவிட ஒன்றரை மடங்கு காட்டிக்கொடுக்கும். ஹவுசிங்கும் டெர்மினலும் சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோதான். ஒரு 24 பின் கேபிளுக்கு இரண்டு முனைக்கும் ஐம்பது டெர்மினல் தேவைப்படும். நூறாக வாங்குங்கள், கெட்டுப்போவதற்கும் கணக்கு வேண்டும். ஹீட் ஷ்ரிங்க் மோட்டார் காயில் கட்டும் கடைகளிலேயே கிடைக்கலாம்.

பெட்டிக்கு வெளியே உள்ள மெயின் கேபிளும் மாடக்குழிக்கு ஒரு தொல்லை. நேர் பிளக் முதுகில் ஐந்தாறு செ.மீ. தின்னும்; எல் வடிவ பிளக் போட்டால் பாதி மிச்சம். கணினி 230 வோல்ட்டில் நான்கு ஆம்பியரைத் தாண்டாது, ஆகவே 0.75 சதுர மி.மீ. மூன்று கோர் போதும், 16 ஆம்பியர் பிளக் வைத்த தடிக் கேபிள் வீண். ஆனால் மூன்று கோர் மூன்றாகவே இருக்கட்டும். பழைய மர பேட்டன் வயரிங் இன்னும் மாறாத வீடுகளில் இரண்டு துளைச் சாக்கெட் உண்டு என்பதற்காக எர்த்தை வெட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். சப்ளையின் உள்ளே இரண்டு லைனுக்கும் உடம்புக்கும் நடுவே கெப்பாசிட்டர் இருப்பதால், எர்த் இல்லாத பெட்டித் தகட்டில் பாதி மெயின் வோல்டேஜ் மிதக்கும். வெறுங்காலோடு தரையில் நின்று தொட்டால் சுரீர் என்று உறைக்கும். அந்தச் சாக்கெட்டுக்கு முதலில் எர்த் இழுங்கள், பிறகு மற்ற வேலை.

கேபிள் முடிந்ததும் நேரே போர்டில் செருகாதீர்கள். மாட்யுலர் சப்ளையின் சப்ளைப் பக்கப் பின் வரிசைக்குப் பொதுவான தரம் எதுவும் கிடையாது; ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குக்கூட மாறும். பழைய கேபிளை வைத்து எந்தத் துளை எந்தத் துளைக்குப் போகிறது என்று முதலிலேயே தாளில் வரைந்திருக்க வேண்டும். புதியதை அந்தத் தாளோடு ஒவ்வொரு பின்னாக மல்டிமீட்டரால் தொடர்ச்சி பாருங்கள், பக்கத்துப் பின்னோடு ஒட்டவில்லை என்பதையும் பாருங்கள். பிறகு சப்ளையில் மட்டும் செருகி, 16ஆம் பின்னை ஏதாவது ஒரு கிரவுண்டோடு இணைத்துக் கிளப்பி, எல்லா வோல்டேஜையும் அளக்கவும். 12 வோல்ட் 11.4க்கும் 12.6க்கும் நடுவே இருக்க வேண்டும். அதன்பின் போர்டு.

அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓடவிட்டு, மல்டிமீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து ஒரே கம்பியின் இரு முனைக்கும் நடுவே, கனெக்டரின் முதுகு வழியாக, ஒவ்வொன்றாக அளங்கள். ஒரே வோல்டேஜ் கம்பிகள் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் மிகக் குறைவாகக் காட்டினால் அதில் மின்சாரம் சரியாகப் போகவில்லை, அதன் முனை தளர்ந்திருக்கிறது. அதன் பங்கையும் சேர்த்து மற்றவை சுமக்கின்றன. டெர்மினலைக் கழற்றிப் புதிதாகப் போடுங்கள், பழையதை நிமிர்த்திப் போட வேண்டாம்.

சப்ளையின் மாடல் பெயரைத் துணி டேப்பில் எழுதிக் கேபிளிலேயே ஒட்டிவிடுங்கள். நாளைக்குச் சப்ளையை மாற்றினால் இந்தக் கேபிள் அதோடு போக வேண்டியது; புதுச் சப்ளையில் அச்சாகப் பொருந்தினாலும் செருகக் கூடாது.